கேப் கோரலில் டாக் உள்ள வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் உள்ள கேப் கோரலில், பின்வாசலில் கால்வாயும் படகு கட்டத் தண்ணீருக்குள் நீளும் மேடையான சொந்த டாக்கும் உள்ள வீடு ஒன்றை 2023-இல் வாங்கினேன். மகளின் பள்ளிப் படிப்பு முடியும்வரை மனைவியும் அவளும் மிச்சிகனிலேயே இருக்க வேண்டியிருந்தது. அதனால் வீடு பார்த்தது, பேரம் பேசியது, கையெழுத்துப் போட்டது, அப்புறம் வந்த தொல்லைகளைச் சமாளித்தது எல்லாமே நான் ஒருவனாகத்தான். வீட்டு விலைக்கு மேல் ஒரு லட்சத்து ஐயாயிரம் டாலர் செலவாகியிருக்கிறது. அதோடு இரண்டு வருட நிம்மதியும் போனது. இந்தப் பக்கம் வீடு பார்க்கும் தமிழ் நண்பர்கள் இப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்வதை முழுசாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பரிசோதிக்க ஒருவர், விலை மதிப்பிட ஒருவர், இன்சூரன்ஸ் கொடுக்க ஒருவர், பத்திரத்தைச் சரிபார்க்க ஒருவர் என்று வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறார். இவர்கள் அத்தனை பேருடைய பொறுப்பும் அநேகமாகப் பின்வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் உள்ள தடுப்புச் சுவர், டாக், படகைத் தூக்கும் லிஃப்ட், கால்வாயின் ஆழம், போகிற வழியில் உள்ள பாலம் இவற்றையெல்லாம் பார்ப்பது யார் வேலையும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வீட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் அந்தப் பின்பக்கத்துக்காகத்தான். அதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ரோசன் சகோதரர்கள் 1957-இல் கலூசாஹாட்சி ஆற்றங்கரையில் நிலத்தை வாங்கி, கால்வாய்களை வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி மனை போட்டு விற்ற ஊர் இது. இன்று 400 மைலுக்கு மேல் கால்வாய்கள் இருக்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் இந்தக் கால்வாய்களில் பெரும்பகுதி நன்னீர்க் கால்வாய்கள். அவற்றிலிருந்து கடலுக்கு வழி கிடையாது. சின்னப் படகில் சுற்றலாம், மீன் பிடிக்கலாம், அதோடு சரி. மீதி உப்புநீர்க் கால்வாய்கள் ஆற்றிலோ மட்லாச்சா பக்கத்திலோ போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்கு வழி விடும். விளம்பரத்தில் ‘வாட்டர்ஃப்ரன்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ‘கல்ஃப் ஆக்சஸ்’ என்று போட்டிருந்தாலும் பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை பாலங்களில் இருக்கிறது.

முதலில் நான் ஒப்பந்தம் போட்ட வீடு அப்படித்தான் கைநழுவியது. மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரியில் நான் ஓட்டிக்கொண்டிருந்த, நடுவில் ஸ்டியரிங் உள்ள 24 அடி சென்டர் கன்சோல் படகை இங்கே கொண்டுவருவதாகத் திட்டம். மேலே டி-டாப் கூரை உண்டு. ஆன்டெனாவை மடக்கிய பிறகும் தண்ணீர் மட்டத்திலிருந்து 8 அடி 9 அங்குலம் உயரம் வரும். வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போக ஒரே ஒரு பாலம்தான், அதன் அடியில் 9 அடி இடம் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்றார் விற்பனையாளர் தரப்பு ஏஜென்ட். வீடு மனதுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அட்வான்ஸ் கட்டினேன். அப்புறம் மனசு கேட்காமல் ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்து, கடல் ஓதத்தால் நீர் முழுதாக ஏறிய நேரத்தில் அந்தப் பாலத்தடிக்குப் போய் அளவுக்கோலை நிறுத்திப் பார்த்தேன். 8 அடி 4 அங்குலம்தான் இருந்தது. அவர் சொன்ன 9 அடி நீர் வற்றிய நேரத்துக் கணக்கு. என் படகை எடுத்தால் நீர் இறங்கும்வரை காத்திருந்துதான் வெளியே போக வேண்டும், திரும்பி வரும்போது நீர் ஏறிவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். மின்னல் இடியோடு மாலை மழை வருகிற ஊரில் அது விளையாட்டு இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் உயரத்தை யார் சொன்னாலும், நீர் ஏறிய நேரத்துக் கணக்கா என்று கேளுங்கள். கடல் வரைபடங்களில் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்துதான் கணக்குப் போட்டிருப்பார்கள். இலையுதிர் காலத்தில் நீர் அந்தச் சராசரியையும் தாண்டி ஏறும், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் வரும் பரிசோதனைக் காலம். ஃப்ளோரிடாவில் பரவலாகப் பயன்படும், வீட்டை இருக்கிற நிலையிலேயே வாங்கும் ‘ஆஸ் ஈஸ்’ ஒப்பந்தத்தில், நாள் எதுவும் குறிக்காமல் விட்டால் 15 நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும். நான் அந்தக் காலத்துக்குள் இருந்ததால் அட்வான்ஸ் தப்பியது. வீட்டுப் பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் கொடுத்த 2,100 டாலர் போனது போனதுதான். தண்ணீர் வழியாக ஒரு சுற்றுப் போய்வருவதை மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் செய்யுங்கள். வாடகைப் படகுக்கு ஆகும் சில நூறு டாலர், ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

அந்தச் சுற்றில் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். கால்வாய்க்குள் அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். வெளியே வந்தாலும் மானட்டீ என்னும் கடற்பசுக்களுக்காக வேகக் கட்டுப்பாடு உள்ள பகுதிகள் வரும். வரைபடத்தில் இரண்டு மைல் என்றால் கண்ணுக்குப் பக்கமாகத்தான் தெரியும். ஊர்ந்து போகும்போது முக்கால் மணி நேரம் ஓடிவிடும். போக ஒரு முறை, வர ஒரு முறை. வார நாளில் வேலை முடிந்து ஒரு மணி நேரம் மீன் பிடித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கு இது ஒத்துவராது. ஆற்றுக்குப் பக்கத்தில் உள்ள வீடுகள் ஏன் அவ்வளவு விலை என்பது தண்ணீரில் போய்ப் பார்த்தால் புரியும். முட்டுச் சந்து போல முடிகிற கால்வாயின் கடைசி வீடு விலை குறைவாக வரும். காற்றடித்துக் கொண்டுவரும் குப்பை, செத்த மீன் எல்லாம் அந்த மூலையில்தான் சேரும், தண்ணீர் ஓட்டமும் இருக்காது. எனக்கு அப்படி ஒரு வீட்டைக் காலை பத்து மணிக்குக் காட்டினார்கள், அழகாகவே இருந்தது. காற்று திசை மாறிய ஒரு மாலையில் நானே அந்தப் பக்கம் போனபோது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் இப்போது நான் இருக்கும் வீடு. பாலமே இல்லாத வழி, 80 அடி கரை, 10,000 பவுண்டு தூக்கும் லிஃப்ட். வீட்டுப் பரிசோதகர் நல்ல மனிதர், கூரையில் ஏறினார், கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குள் தவழ்ந்தார், படங்களோடு கனமான அறிக்கை கொடுத்தார். அதில் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான்: சீவால், டாக், லிஃப்ட் ஆகியவை இந்தப் பரிசோதனையில் அடங்காது. இந்த ஊரில் எல்லா அறிக்கையிலும் இந்த வரி இருக்கும். சீவால் என்பது கால்வாய்க் கரையில் மண் சரியாமல் தாங்கி நிற்கும் கான்கிரீட் தடுப்புச் சுவர். சரி, தனியாக ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம் என்று ஒரு கரைவேலை ஒப்பந்தக்காரரை அழைத்தேன். 350 டாலர் வாங்கிக்கொண்டு வந்து, மேலே நடந்து பார்த்து, மேல் விளிம்பில் இருந்த சிறு விரிசல்களைக் குறித்து, இந்த வயசுச் சுவருக்கு இது பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் வந்தது நீர் ஏறியிருந்த பிற்பகலில். சுவரின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருந்தது. அதை நம்பிப் பதிவை முடித்தேன்.

2024 ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இரண்டு நாள் விடாமல் வீசியது. இந்தக் கரையில் அப்படிக் காற்று வீசினால் கால்வாய்த் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும், வழக்கமான வற்றத்தையும் விடக் கீழே இறங்கும். காலையில் காபியோடு டாக்குக்குப் போனவன் சுவரின் அடிப்பாகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். நடுவில் சுவரின் நான்கு கான்கிரீட் பலகைகள் அடியில் கால்வாய்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவே கைவிரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாக என் தோட்டத்து மண் கால்வாயில் ஒழுகிச் சேறாகப் படிந்திருந்தது. மேலே புல்லில் சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, ஏதோ எலி வளை என்று மண் போட்டு மூடி வைத்திருந்தேன். அவை இரண்டும் அந்த இடைவெளிக்கு நேர் மேலே. அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. மனைவியிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

சுவர் எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரியும். சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் மழைநீர் ஊறி அதைக் கால்வாய்ப் பக்கமாகத் தள்ளுகிறது. முன்னால் கால்வாய்த் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. மேல் பகுதியை மண்ணுக்குள் போகும் இரும்புக் கம்பிகள் பின்னால் இழுத்துப் பிடிக்கின்றன. கீழ்ப் பகுதி கால்வாய்த் தரையில் புதைந்து நிற்கிறது. முன்னால் உள்ள தண்ணீர் திடீரென்று வற்றிப்போனால் எதிர்த்துப் பிடிக்க ஆள் இல்லை. 2017-இல் இர்மா புயல் இந்தக் கரையோரம் வந்தபோது முதலில் தண்ணீரைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது, கால்வாய்கள் வறண்டன, இங்கேயும் வடக்கே புன்டா கோர்டாவிலும் சுவர்கள் சரிந்தன. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கேயோ கோஸ்டா தீவில் கரை ஏறியது. அதில் ஏறிய கடல்நீர் இறங்கும்போது மண்ணை அரித்துக்கொண்டு போனது. அன்று விழாமல் நின்ற சுவர்களெல்லாம் நல்ல சுவர்கள் என்று சொல்லிவிட முடியாது. என் சுவர் நின்றது, ஆனால் உள்ளுக்குள் தளர்ந்துபோய் நின்றது.

அதனால் சீவாலை நீர் மிகவும் வற்றிய நேரத்தில், தண்ணீரில் இருந்தபடி பாருங்கள். குளிர்காலத்தில் வடகாற்று வீசிய மறுநாள் கிடைத்தால் அதைப்போல நல்ல நேரம் இல்லை. வேறு மாதமாக இருந்தால் ஆளைத் தண்ணீரில் இறங்கி அடிப்பாகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுங்கள். மேல் விளிம்பு ஒரு கோடு பிடித்தாற்போல நேராக ஓடுகிறதா, நடுவில் எங்காவது வயிறு தள்ளியிருக்கிறதா என்று ஒரு மூலையில் குனிந்து நின்று பாருங்கள். சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைத்துக் கிடந்தால் மழைநீர் பின்னால் தேங்குகிறது என்று அர்த்தம். சுவரை ஒட்டிய புல்தரையில் பள்ளம் இருக்கிறதா, புதிதாக மண் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் சுவருக்கு இணையாக நீளமாக விரிசல் ஓடினால் நிலம் கால்வாய்ப் பக்கம் நகர்கிறது. குளம் சுவருக்கு மிக நெருக்கமாக இருந்தாலும் தொல்லைதான், புதிய சுவர் போடும்போது இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் பின்னால் கொண்டுபோக இடம் இருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள், அது விழுந்தால் உங்கள் மண்ணும் அதோடு போகும்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அடியில் பாறைகளைக் கொட்டி முட்டுக் கொடுக்கலாம், செலவு குறைவு. ஆனால் அது ஆழத்தைக் குறைக்கும், என் சுவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. புதிய சுவருக்கு 84,000 டாலர் சொன்னார்கள். அதோடு டாக்கையும் லிஃப்டையும் கழற்றி எடுத்து, சுவர் முடிந்த பிறகு திரும்ப வைக்க 17,000. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. சீவால் வேலை என்றால் டாக் வேலையும் சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன்பு தெரிந்திருந்தால் இந்த ஒரு லட்சத்தை விலையில் குறைத்துப் பேசியிருக்கலாம். இயனுக்குப் பிறகு எத்தனையோ பேர் அப்படித்தான் பேசி வாங்கினார்கள்.

டாக் கதை தனி. சுவர் வேலைக்காக நகராட்சியில் பெர்மிட்டுக்குப் போனபோதுதான், முந்தைய உரிமையாளர் லிஃப்ட் வைக்க எடுத்த பெர்மிட் கடைசிப் பரிசோதனை ஆகாமலேயே காலாவதியாகிக் கிடந்தது தெரிந்தது. அதை முடிக்காமல் புதிய பெர்மிட் கிடைக்காது என்றார்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து ஒயரிங்கை மாற்றி, வரைபடம் போட்டு, பரிசோதனை முடிக்க 2,600 டாலரும் சில மாதங்களும் போயின. பத்திரத்தைச் சரிபார்க்கும் நிறுவனம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்கள் பார்ப்பது பதிவான கடன், வில்லங்கம் போன்றவற்றைத்தான். முடிக்காத பெர்மிட்டுகளைத் தேட ‘முனிசிபல் லியன் சர்ச்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். கேளுங்கள், அதற்கு ஆகும் பணம் சொற்பம். பெர்மிட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வரைபடத்தில் உள்ள டாக்கும் கண்ணெதிரே உள்ள டாக்கும் ஒன்றுதானா என்று ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். டாக் கால்வாய்க்குள் எவ்வளவு நீளலாம், பக்கத்து மனைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு உண்டு. இங்கே பல கால்வாய்கள் 80 அடி அகலம்தான், எதிர்வீட்டுக்காரருக்கும் படகு இருக்கும். இப்போதுள்ள டாக்கை ஏற்கெனவே அந்த எல்லைவரை கட்டியிருந்தால், பின்னால் பெரிய படகு வாங்கலாம் என்ற நினைப்பு நடக்காது.

லிஃப்டின் தாங்கும் சக்தியைப் பார்க்கும்போது படகின் விளம்பரத்தில் போட்ட எடையை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் எஞ்சின் இல்லாத, எரிபொருள் இல்லாத எடை. பெட்ரோல் ஒரு கேலன் ஏறத்தாழ 6 பவுண்டு. 120 கேலன் டேங்க் நிரம்பினால் 720 பவுண்டு. எஞ்சின், பேட்டரி, ஐஸ் பெட்டி, மழைநீர் தேங்கினால் அது, எல்லாம் சேர்த்துக் கூட்டி, அதற்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். ஆழ விஷயத்தில்தான் நான் இன்னொரு முறை ஏமாந்தேன். படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இருப்பது 20 அங்குலம்தானே, மூன்றடி ஆழம் போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் படகைத் தாங்கும் லிஃப்டின் சட்டமும் கட்டைகளும் அதற்குக் கீழே போனால்தான் படகு மிதந்து விடுபடும். வடகாற்று வீசும் நாட்களில் என் லிஃப்ட் தரையில் இடித்து நின்றுவிடும், படகு மேலேயே உட்கார்ந்திருக்கும். லிஃப்ட் நிற்கிற இடத்திலேயே, நீர் வற்றியிருக்கும்போது, ஒரு கம்பை விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். கால்வாயின் நடுவில் எடுத்த அளவு நமக்கு உதவாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் டாக்கின் மின்சார இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மின்சாரம் உள்ள டாக்கைச் சுற்றி யாரையும் நீந்த விடாதீர்கள். தண்ணீரில் கசியும் மின்சாரத்துக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். வழக்கமான வீட்டுப் பாலிசி புயலின் காற்றுச் சேதத்துக்கு. அதிலும் புயல் என்றால் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமோ 5 சதவீதமோ என்று இருக்கும். கடல்நீர் ஏறினால் அதில் வராது, வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். மத்திய அரசின் என்எஃப்ஐபி வெள்ளப் பாலிசி ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000. சீவால், டாக், நீச்சல் குளம் எதுவும் அதில் அடங்காது. புதிதாக எடுத்தால் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் வருகிறது என்று டிவியில் பார்த்த பிறகு எடுத்துப் பயனில்லை என்பதை மறக்கக் கூடாது. வீட்டுத் தரையின் உயரத்தைச் சொல்லும் எலிவேஷன் சான்றிதழ் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பிரீமியத்தைக் குறைக்க அது உதவலாம்.

பழைய, தாழ்வான வீடு என்றால் ஐம்பது சதவீத விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ள அபாயப் பகுதியில் உள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ ஆகும் செலவு, மனையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் உள்ள மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், வீடு முழுவதையும் இன்றைய விதிக்கு, அதாவது இன்றைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடைமுறையில் இடித்துக் கட்டுவதுதான். மனை விலை உயர்ந்து, கட்டட மதிப்பு குறைந்து கிடக்கும் இந்த ஊரில், சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று நினைத்து வாங்குபவர் இதில் மாட்டுவார். இயனுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த வீடுகளில் தரை, சுவரின் கீழ்ப்பாதி, ஏசி எல்லாம் புத்தம் புதிதாக மின்னும். எதனால் புதிது என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், வெள்ளத்துக்காக இன்சூரன்ஸ் கோரினார்களா, அரசு உதவி வாங்கினார்களா என்பதை விற்பவர் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் சட்டம் வந்திருக்கிறது. நான் வாங்கியபோது அது இல்லை. இப்போது வாங்குபவர்கள் அந்தத் தாளைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: விளம்பரத்தில் காட்டும் சொத்து வரி விற்பவருடைய வரி. சொந்தக் குடியிருப்புக்கு மதிப்பு உயர்வு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகாது என்ற சலுகையில் அவர் வருடக்கணக்கில் இருந்திருப்பார். நாம் வாங்கியதும் அடுத்த ஜனவரியில் அது சந்தை மதிப்புக்கு மாறிவிடும். எனக்கு 4,100 என்று காட்டியது 9,300 ஆனது. நகரின் சில பகுதிகளில் இன்னும் கிணற்று நீரும் செப்டிக் டேங்கும்தான். நகராட்சி இணைப்பு வரும்போது அதற்கான பெரிய தொகை வீட்டுக்காரர் தலையில் விழும். கட்டி முடித்துவிட்டார்களா, பாக்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெர்மிட் சிக்கலாலும் ஒப்பந்தக்காரர்களிடம் வரிசை நீண்டிருந்ததாலும் என் சுவர் வேலை தள்ளிக்கொண்டே போய், 2024 புயல் பருவத்துக்குள் நுழைந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஹெலீன், அக்டோபர் 9 அன்று மில்டன். மில்டனுக்கு வெளியேறச் சொன்னார்கள். படகை டிரெய்லரில் ஏற்றி உள்ளே தள்ளி விட்டுவிட்டு, கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்குத் தனியாக ஓட்டிப் போனேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா விடிய விடியப் போன் செய்துகொண்டிருந்தார். “சுவர் நின்னா என்ன, நிக்காட்டி என்ன, நீ நல்லா இருந்தாப் போதும்ய்யா” என்றார். திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் புல்தரையைத் தாண்டிக் குளம்வரை ஏறி இறங்கியிருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. சுவரின் நடுப்பகுதி இன்னும் ஒரு கை அகலம் சாய்ந்திருந்தது. அந்த வாரம் நான் பட்ட தனிமையை என்னால் சரியாக எழுத முடியவில்லை. இப்படி ஒரு வீட்டைத் தனியாக வாங்க நேர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரர்களை முதலிலேயே பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரர்தான் எனக்குச் சுவரின் படத்தை எடுத்து அனுப்பினார். இந்தக் கால்வாயில் எந்தச் சுவர் எப்போது போட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்கும் முன்பே அவர் கதவைத் தட்டியிருந்தால் 350 டாலர் பரிசோதனையை விட அதிகம் தெரிந்திருக்கும்.

சுவர் வேலை 2025 வசந்தத்தில் முடிந்தது, அந்தக் கோடையில் மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் பணம் கொடுப்பது பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். முதலில் பேசியவர் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டார், தேதி எதுவும் எழுதித் தர மறுத்தார், அவரை விட்டுவிட்டேன். ஃப்ளோரிடா சட்டப்படி, ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தேவையான பெர்மிட்டெல்லாம் கிடைத்த 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். இது தெரியும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், எதிரில் இருப்பவரின் தொனி மாறும். அவருடைய லைசென்ஸை மாநில இணையதளத்தில் சரிபாருங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாக, வேலை முடிந்த அளவுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு தவணையிலும் கான்கிரீட் கொடுத்தவர், துணை ஒப்பந்தக்காரர் ஆகியோரிடமிருந்து பாக்கி இல்லை என்ற கையெழுத்துத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதன்மை ஒப்பந்தக்காரர் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட பணத்துக்கு உங்கள் வீட்டின் மேல் உரிமை கோருவார்கள். கடைசித் தவணையை நகராட்சியின் இறுதிப் பரிசோதனை முடிந்து, பெர்மிட் மூடப்பட்டது என்று நீங்களே பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.